அப்பார்ட்மென்ட்டுக்கு ஏஇடி மெஷின்: எங்கே வைப்பது, யாருக்குப் பயிற்சி?

தளம்14:

வணக்கம். எங்கள் குடியிருப்பு ஓஎம்ஆர் பக்கம். நான்கு பிளாக், ஒவ்வொன்றிலும் ஸ்டில்ட் (தூண்களுக்கு நடுவே பார்க்கிங்) போக 14 மாடி, மாடிக்கு எட்டு வீடு. வயதானவர்கள் நிறைய. பகலில் வீட்டில் இருப்பது அவர்களும் வேலைக்கு வரும் அக்காக்களும்தான். பொதுக்குழுவில் ஏஇடி மெஷின் (இதயம் நின்றவருக்கு ஷாக் கொடுக்கும் கருவி) ஒன்று வாங்கத் தீர்மானம் ஆகிவிட்டது. அதன்பிறகுதான் குழப்பமே ஆரம்பம்.

ஒன்று போதுமா, பிளாக்குக்கு ஒன்று வேண்டுமா? கிளப்ஹவுஸில் வைக்கலாம் என்கிறார்கள் சிலர் (நீச்சல் குளம், ஜிம் எல்லாம் அங்கேதான், ஆனால் இரவு ஒன்பதுக்குப் பூட்டிவிடுவோம்). மெயின் கேட்டில் வைக்கலாம் என்கிறார்கள் சிலர். கேட்டிலிருந்து கடைசி பிளாக்கான டி பிளாக் லிஃப்ட் வரை சுமார் 150 மீட்டர். இரவில் கேட்டில் இரண்டு செக்யூரிட்டி. ஒருவர் அசாம், இன்னொருவர் ஒடிசா. இருவருக்கும் தமிழ் அரைகுறை. சிபிஆர் (மார்பை அழுத்தும் முதலுதவி) பயிற்சி யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும், எவ்வளவு நேரம்? இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம், ஏனென்று விற்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் உதவவும்.

எமர்ஜென்சி_சிஸ்டர்:

மெஷினைப் பிறகு பார்ப்போம் சார். பயிற்சி இல்லாத வளாகத்தில் ஏஇடி சுவரில் தொங்கும், அவ்வளவுதான். இதயம் நின்றவருக்கு முதல் சில நிமிடம் உயிர் கொடுப்பது மார்பை அழுத்தும் கை. அது இல்லாவிட்டால், ஷாக் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய துடிப்புக் கோளாறிலும் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் உங்கள் கேட், பார்க்கிங், லிஃப்ட் எல்லாம் தாண்டி 14-வது மாடிக்கு வரவேண்டும் அல்லவா?

பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது அடையாளம் காண்பது. பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு சிபிஆர் கிடையாது. அவரை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பார்க்க பத்து விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. நாடி பார்க்க வேண்டாம், பயிற்சி இல்லாதவர்கள் பார்த்தால் தப்பாகத்தான் சொல்வார்கள்.

இரண்டு விஷயம் ஏமாற்றும். ஒன்று, இதயம் நின்ற பிறகும் ஓரிரு நிமிடம் வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு விதமான மூச்சு வரும். தரையில் போட்ட மீன் மாதிரி, குறட்டைச் சத்தத்தோடு. "மூச்சு இருக்கு" என்று வீட்டார் காத்திருந்துவிடுவார்கள். அது மூச்சே இல்லை. இரண்டு, விழுந்தவுடன் மூளைக்கு ரத்தம் போகாமல் கைகால் சில விநாடி வெட்டும். நம் ஊரில் உடனே வலிப்பு என்று முடிவுகட்டி, சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிப்பார்கள். அந்த நேரத்தில் நூறு அழுத்தம் கொடுத்திருக்கலாம். வெட்டு நின்றதும் மூச்சைப் பாருங்கள். வலிப்பு என்றால் மூச்சு திரும்பியிருக்கும்.

அழுத்தும் முறை: கட்டிலில் வேண்டாம், மெத்தை அமுங்கும், மார்பு அமுங்காது. பெட்ஷீட்டோடு இழுத்துத் தரையில் கிடத்துங்கள். மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேர் மேலே இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆழம், 6-ஐத் தாண்டாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே எழும்ப விடவேண்டும். களைத்தவர்கள் மார்பின்மேல் சாய்ந்தபடியே அழுத்துவார்கள், அப்போது இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், "எனக்குக் களைப்பே இல்லை" என்று சொன்னாலும். ஆழம் குறைவது அழுத்துபவருக்குத் தெரியாது. விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். நிறுத்த வேண்டாம், கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு தொடருங்கள்.

எண்ணுவதில் ஒரு சின்ன விஷயம். ஒன்றிலிருந்து முப்பது வரை தமிழில் எண்ணிக்கொண்டு போனால் "இருபத்தொன்று, இருபத்திரண்டு" என்று வார்த்தை நீள நீள கை மெதுவாகிவிடும். ஒன்றிலிருந்து பத்து வரை திரும்பத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். அல்லது போனில் மெட்ரோனோம் ஆப்பை 110-ல் வைத்துக்கொள்ளலாம்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கி ஒன்றுமே செய்யாமல் நிற்பதைவிட வெறும் அழுத்தம் எவ்வளவோ மேல். இந்திய ரிசசிடேஷன் கவுன்சில் பொதுமக்களுக்கென்று வகுத்திருக்கும் முறையே வெறும் அழுத்தம்தான், கோல்ஸ் என்பார்கள். ஆனால் உங்களிடம் நீச்சல் குளம் இருக்கிறது. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் பிரச்சினை தொடங்குவது மூச்சில். அவர்களுக்கு ஊதல் கட்டாயம் வேண்டும். குளத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும் தனியாக 30 அழுத்தம், 2 ஊதல் முறையை பாக்கெட் மாஸ்க்கோடு (வாய் படாமல் ஊத உதவும் சின்ன மூடி) கற்றுக்கொடுங்கள். மூழ்கியவருக்கு ஊதலில்தான் தொடங்க வேண்டும்.

யாருக்கு என்றால்: எல்லா ஷிஃப்ட் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், எலக்ட்ரிஷியன், பிளம்பர். அதற்கடுத்து, பகலில் பெரியவர்களோடு வீட்டில் தனியாக இருக்கும் வேலைக்கார அக்காக்கள். இவர்களை எந்த அசோசியேஷனும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் பகல் பதினொரு மணிக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அவர்கள்தான். மூன்று பேருக்கு ஒரு பயிற்சிப் பொம்மை என்ற கணக்கில் மூன்று மணி நேரம் போதும். பவர்பாயிண்ட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவரைக் கூப்பிடாதீர்கள். ஒவ்வொருவரும் முழு இரண்டு நிமிடம், குறைந்தது இரண்டு முறை, ஆழத்தைக் காட்டும் பொம்மையில் அழுத்தியிருக்க வேண்டும். கைப்பழக்கம் மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கத் தொடங்கிவிடும். சான்றிதழில் இரண்டு வருடம் என்று போட்டிருக்கும், அதை நம்பாதீர்கள். ஒரு பொம்மையைச் சொந்தமாக வாங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்குப் பத்து நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள்.

ஓம்_விதி:

சிஸ்டர் சொன்னதோடு உடன்படுகிறேன். நான் உபகரணப் பக்கம் வேலை செய்பவன், அதனால் நேரக் கணக்கும் கொட்டேஷனும்.

டி பிளாக் 14-வது மாடி. இன்டர்காம் எடுத்துச் சொல்லி, செக்யூரிட்டி பெட்டியை எடுக்க 30 விநாடி. 150 மீட்டர் ஓட ஒரு நிமிடம். லிஃப்ட்டுக்குக் காத்திருக்க 45. மேலே போக இன்னொரு 45 (மாடிக்கு மூன்று மீட்டர், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம்). வீட்டுக்குள் வர 15. பேட் (மார்பில் ஒட்டும் மின்தகடு) ஒட்டி, மெஷின் துடிப்பைப் படித்து, சார்ஜ் ஆக ஒரு நிமிடம். ஆக நாலேகால் நிமிடம். இதே வேலையை வீட்டில் இருப்பவர் கீழே இறங்கி எடுத்துக்கொண்டு திரும்புவதாக வைத்துக் கணக்குப் போட்டால் ஆறரை நிமிடத்தை நெருங்கும். அதனால் மெஷின் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதை யார் கொண்டுவருகிறார் என்பது பெரிய விஷயம். கேட்டிலிருந்து மேலே போகவேண்டும், மேலிருந்து கீழே வரக் கூடாது.

அந்த 45 விநாடி லிஃப்ட் காத்திருப்பைச் சுலபமாக வெட்டலாம். அந்த மாடியில் யாராவது ஒருவர் லிஃப்ட்டை வரவழைத்து, உள்ளே கை நீட்டித் தரைத்தளப் பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்துவிட்டால் போதும். செக்யூரிட்டி ஓடிவருவதற்குள் லிஃப்ட் கீழே நிற்கும்.

மாடி உயரம் சும்மா சொல்வதில்லை. டொரன்டோ பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. மூன்றாம் மாடிக்குக் கீழே இதயம் நின்றவர்களில் 4.2 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 2.6. பதினாறாம் மாடிக்கு மேல் ஒரு சதவீதம்கூட இல்லை. 2004-ல் வந்த வட அமெரிக்க ஆய்வு இதைவிட நம்பிக்கை தருவது. தன்னார்வலர்களுக்கு சிபிஆர் மட்டும் கற்றுக்கொடுத்த இடங்களில் 15 பேர் பிழைத்தார்கள். சிபிஆரோடு ஏஇடியும் கொடுத்த இடங்களில் 30 பேர். ஆனால் குடியிருப்பு வளாகங்களில் பிழைத்தவர்கள் அதிலும் மிகச் சிலரே. காரணம், வீட்டுக்குள் விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. உங்கள் பொதுக்குழுவில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மெஷின் வாங்கினால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இடம்: கிளப்ஹவுஸ் வேண்டாம், பூட்டும் இடம் எதுவும் வேண்டாம். வளாகத்தின் நடுவில் என்று சிலர் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், கொண்டுவருபவர் செக்யூரிட்டி என்றால் நடுவில் வைத்தாலும் அவர் ஓடும் தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையாது. முதல் மெஷின் கேட்டிலேயே இருக்கட்டும். பணம் சேர்ந்ததும் இரண்டாவதை டி பிளாக் தரைத்தள லிஃப்ட் பக்கம். நான்கு பிளாக்குக்கும் நான்கு என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. நான்கையும் பராமரிக்க ஆள் இருக்காது.

கேட் என்றேன், தகரக் கூரை போட்ட செக்யூரிட்டி கேபினுக்குள் அல்ல. பெரும்பாலான மாடல்களுக்கு வைப்பு வெப்பநிலை 0 முதல் 50 டிகிரி. மே மாதம் மேற்கு வெயில் விழும் சுவரில் மூடிய இரும்புப் பெட்டி அதை எளிதாகத் தாண்டும். முதலில் கெடுவது மெஷின் அல்ல, பேட்டில் உள்ள ஜெல். காய்ந்துபோனால் தோலில் ஒட்டாது, மெஷின் "பேட்களைச் சரிபார்க்கவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நிழல் விழும் கான்கிரீட் சுவர் பாருங்கள்.

கொட்டேஷன் வித்தியாசத்துக்கு வருகிறேன். மெஷின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள், எட்டு வருடச் செலவைக் கேளுங்கள். பேட் இரண்டு, இரண்டரை வருடத்தில் காலாவதியாகும், பயன்படுத்தாவிட்டாலும். பேட்டரி சும்மா இருந்தாலே நான்கைந்து வருடம்தான், ரீசார்ஜ் செய்யும் வகை அல்ல. எட்டு வருடத்தில் பேட் மூன்று முறையும் பேட்டரி ஒரு முறையாவதும் மாற்றவேண்டும். மலிவு கொட்டேஷனில் இவை இருக்காது. அல்லது ஒரு வருடம் கிடங்கில் கிடந்த பேட்டைக் கட்டித்தருவார்கள். டெலிவரி நாளில் பேட் உறையின் காலாவதித் தேதியைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள்.

மருத்துவ உபகரண விதிகள், 2017-ன்படி உரிம எண்ணைக் கேளுங்கள்: இறக்குமதி என்றால் எம்டி-15 படிவ உரிமம், இங்கே தயாரித்தது என்றால் எம்டி-9. எண் தரமுடியாதவரிடம் வாங்காதீர்கள். தூசி, தண்ணீரிலிருந்து பாதுகாப்புக்கு ஐபி55 என்ற தரக்குறியீடு இருந்தால் நல்லது. மருத்துவமனை கழித்துக்கட்டிய பழைய மெஷின் வேண்டவே வேண்டாம், அதற்குப் பேட் கிடைக்காமல் போகும்.

கடைசியாக, குரல் எந்த மொழியில் பேசும் என்று கேளுங்கள். உங்கள் இரவு செக்யூரிட்டிக்குத் தமிழ்க் குரலும் பயன்படாது, ஆங்கிலமும் பயன்படாது. பட்டனில் இரண்டு மொழி மாற்றும் மாடல் இருந்தால், ஒன்று இந்தியாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியும் அவர்களுக்கு இந்தியில்தான்.

தோபாயோ_வாசி:

சிங்கப்பூரிலிருந்து ஒரு தகவல். இங்கே வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் 2015-லிருந்து தரைத்தள மின்தூக்கி முகப்பில் ஏஇடி பொருத்துகிறார்கள், இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கு. பெட்டிக்குப் பூட்டு கிடையாது. முன்னால் உள்ள கண்ணாடித் தகட்டை உடைத்து எடுக்கவேண்டும், மேலே கேமரா இருக்கும். இங்கே ஆம்புலன்ஸ் எண்ணான 995-க்கு அழைத்தால் எடுப்பவர் போனிலேயே எண்ணிக்கொடுத்து அழுத்த வைப்பார். பக்கத்தில் இருக்கும் தொண்டூழியர்களுக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் செயலி தகவல் அனுப்பும்.

உங்களுக்கு அந்தச் செயலி இல்லை. ஆனால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவை இதற்கு நம்பாதீர்கள். நூறு "குட் மார்னிங்" நடுவே யார் பார்ப்பார்கள்? பிளாக்குக்கு ஏழெட்டுப் பேர் பெயர் கொடுத்து, அவர்கள் எண்ணுக்கு மட்டும் ஒரே நேரத்தில் மணி அடிக்கிற மாதிரி இன்டர்காமில் குழு எண் ஒன்று வைக்கமுடியுமா என்று பாருங்கள். பல இன்டர்காம் பெட்டிகளில் அந்த வசதி உண்டு, யாரும் செட் செய்திருக்க மாட்டார்கள்.

தளம்14:

மூவருக்கும் நன்றி. லிஃப்ட் யோசனை ஒன்றே போதும், கமிட்டியில் சொல்லிவிட்டேன். அங்கே வந்த எதிர்க்கேள்விகள் இவை. திருட்டுப் போகும், பூட்டிச் சாவியை மேனேஜரிடம் கொடுக்கலாம் என்கிறார் பொருளாளர். தெரியாமல் நல்ல இதயத்துக்கு ஷாக் கொடுத்துவிட்டால்? பெண்கள் என்றால் ஆடையை எப்படி விலக்குவது, தாலி என்ன செய்வது? ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் யார் மேல்?

எமர்ஜென்சி_சிஸ்டர்:

பூட்டு வேண்டாம். திறந்தால் அலறும் பெட்டி, கையால் இழுத்தால் அறுந்துபோகும் பிளாஸ்டிக் சீல், ஒரு கேமரா. மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருப்பார், பொருளாளரிடம் அதை மட்டும் கேளுங்கள்.

ஷாக் வேண்டுமா என்று முடிவு செய்வது மெஷின். துடிப்பைப் படித்துப் பார்த்து, ஷாக்கால் சரியாகும் கோளாறு இருந்தால்தான் சார்ஜ் ஆகும். இல்லாவிட்டால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் வராது. உண்மையான ஆபத்து வேறு. மெஷின் வந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிட்டு அதை வேடிக்கை பார்ப்பார்கள். பேட் ஒட்டும்போதும் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும், "தொடாதீர்கள்" என்று அது சொல்லும்வரை. ஷாக் போனதும் நாடி, கண் எதையும் பார்க்காமல் உடனே அழுத்தத்தைத் தொடரவேண்டும். இரண்டு நிமிடம் கழித்து அதுவே மறுபடி படிக்கும். "ஷாக் தேவையில்லை" என்று சொன்னால் பிழைத்துவிட்டார் என்றும் அர்த்தமில்லை, இறந்துவிட்டார் என்றும் அர்த்தமில்லை. ஷாக்கால் சரியாகும் துடிப்பு இல்லை, அவ்வளவே. அவர் அசையாமல், மூச்சில்லாமல் இருந்தால் தொடர்ந்து அழுத்துங்கள். இதைக் கேட்டுக் கையை விட்டுவிடுபவர்கள் நிறைய.

பேட் இடம்: ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில். இடம் மாறி ஒட்டிவிட்டால் பிய்த்து மறுபடி ஒட்டாதீர்கள், அப்படியே வேலை செய்யும். பிய்த்தால் ஜெல் போய்விடும். வெறும் தோலில்தான் ஒட்டவேண்டும். நெஞ்சு வலி என்று தைலம் தேய்த்திருப்பார்கள், வியர்த்துக் கொட்டியிருக்கும், பவுடர் இருக்கும். துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ரோமம் அடர்த்தியாக இருந்தால் பேட் ஒட்டும் இரண்டு இடத்தில் மட்டும் ரேசர் இழுப்பு. காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் புடைப்பு தெரிந்தால் அதன்மேல் ஒட்டாமல் தள்ளி ஒட்டுங்கள். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தால் மாஸ்க்கைக் கழற்றி ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பெண்கள்: சங்கடப்பட்டு நேரம் போவது இங்கேதான். ரவிக்கை, உள்ளாடையைக் கத்தரியால் நடுவில் வெட்டுங்கள், ஹூக்கை அவிழ்க்க உட்காராதீர்கள். இடது பேட் மார்பகத்தின் மேல் வேண்டாம், அதற்குக் கீழே பக்கவாட்டில். இரண்டு பேர் புடவையையோ பெட்ஷீட்டையோ திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். தாலியைக் கழற்றவேண்டியதில்லை, தோள் பக்கம் ஒதுக்கிவிட்டால் போதும். பேட் உலோகத்தின்மேல் படக் கூடாது, அவ்வளவுதான். பயிற்சிப் பொம்மைக்கு ஒரு ரவிக்கை போட்டுப் பழக்குங்கள், கூச்சம் அங்கேயே போய்விடும்.

குழந்தைகள்: எட்டு வயதுக்குக் கீழ் அல்லது 25 கிலோவுக்குக் கீழ் என்றால் குழந்தைப் பேட் அல்லது குழந்தை மோடு. அது இல்லாவிட்டால் பெரியவர்கள் பேட்டையே ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில்.

ஓம்_விதி:

சட்டம்: கேட்காமல் உதவினால் குற்றமா என்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 30-வது பிரிவு பதில் சொல்கிறது (பழைய ஐபிசி 92). சம்மதம் வாங்கமுடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது. பலர் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ சாலை விபத்துக்கு மட்டும் பொருந்துவது, உங்கள் கூடத்துக்கு வராது. கேஸுக்குப் பயந்தால் ஒன்று செய்யுங்கள்: பராமரிப்பு ரெஜிஸ்டரை ஒழுங்காக வையுங்கள். செத்த பேட்டரியோடு சுவரில் தொங்கிய மெஷினுக்குத்தான் அசோசியேஷன் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். நன்றாக இருந்தால் பச்சை விளக்கு அல்லது டிக் குறி, இல்லாவிட்டால் சிவப்பும் விட்டுவிட்டு வரும் பீப் சத்தமும். அந்தச் சத்தம் தொல்லை என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிடும் செக்யூரிட்டிகள் உண்டு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஷிஃப்ட் மாறும்போது கேட் ரெஜிஸ்டரில் "பச்சை" என்று ஒரு கையெழுத்து. மாதம் ஒருமுறை மேனேஜர் பேட், பேட்டரித் தேதியைப் பார்க்கட்டும். பேட் உறையைப் பிரித்துப் பார்க்கவேண்டாம், பிரித்தால் அது போச்சு. பல மாடல்களில் உறைக்கு வெளியே வரும் வயர் ஏற்கெனவே மெஷினில் செருகியிருக்கும், அதைக் கழற்றிவிட்டால் அவசரத்தில் திண்டாட்டம். பெட்டிக்குள் கூடவே கத்தரி, ரேசர், துண்டு, கையுறை, பாக்கெட் மாஸ்க், ஒரு உபரிப் பேட் உறை.

இன்னொன்று, உங்கள் லிஃப்ட்டை அளந்து பாருங்கள். எட்டுப் பேர் லிஃப்ட்டில் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் நீட்டிப் படுக்காது. நோயாளியைத் தூக்கி நிறுத்தி இறக்க முயன்றால் அவ்வளவு நேரமும் அழுத்தம் நின்றுபோகும். அதனால் விழுந்த இடத்திலேயே அழுத்திக்கொண்டிருங்கள், 108 குழு மேலே வரட்டும். எந்த பிளாக்கில் பெரிய சர்வீஸ் லிஃப்ட் இருக்கிறதோ அதை அவர்களுக்குக் காட்ட ஒருவர் கேட்டில் நிற்கவேண்டும்.

தளம்14:

புரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இன்டர்காம் பக்கத்தில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் போடுகிறோம். அதில் என்ன எழுதுவது? நான்கைந்து வரிக்கு மேல் இடம் இல்லை.

எமர்ஜென்சி_சிஸ்டர்:

தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும், பெரிய எழுத்தில்:

தட்டினால் அசைவில்லை, மூச்சு சரியில்லை என்றால்
1. இன்டர்காமில் கேட்டுக்குச் சொல்: "ஏஇடி, பிளாக் __, வீடு __"
2. போன் 108, ஸ்பீக்கரில் வை
3. தரையில் கிடத்து, மார்பின் நடுவில் வேகமாக, ஆழமாக அழுத்து
4. வாசல் கதவைத் திறந்து வை, லிஃப்ட்டைக் கீழே அனுப்பு

பிளாக், வீட்டு எண்ணை அச்சிலேயே நிரப்பிவிடுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும், வேலைக்கு வரும் அக்காவுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆளில்லாமல் ஒருவர் மட்டும் இருந்தால் 1, 2, பிறகு கதவு, பிறகு அழுத்தம், லிஃப்ட்டை மறந்துவிடலாம்.